மார்ட்டீன் ஓ கைன்: மண்ணுக்குள்ளும் ஓயாத பேச்சு. படித்தவர்கள் வாருங்கள்

பனங்காடு எழுதியது:

ஐரிஷ் எழுத்தாளர்கள் என்றால் நம் பக்கம் ஜாய்ஸ், பெக்கெட், ஏட்ஸ், வைல்ட் என்று நாலு பேரோடு பேச்சு நின்றுவிடுகிறது. பெக்கெட் பிற்பாடு பிரெஞ்சுக்குப் போனதைத் தவிர்த்தால், நாலு பேருமே ஆங்கிலத்தில் எழுதியவர்கள். ஐரிஷ் மொழியிலேயே எழுதிய உரைநடைக்காரர்களில் ஆகப் பெரியவர் என்று அந்த நாட்டு விமர்சகர்கள் வைத்துப் போற்றும் மார்ட்டீன் ஓ கைன் பற்றி இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால் இந்த இழை.

அவருடைய 'க்ரே ந கில்லெ' ('கல்லறை மண்') நாவலை ஆலன் டிட்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அண்மையில் படித்து முடித்தேன். களம், மேற்கு அயர்லாந்தின் கொனமாராவில் ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டம். பாத்திரங்கள் அத்தனை பேரும் இறந்தவர்கள். சவப்பெட்டிக்குள் படுத்தபடி பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆன்மா, மறுமை, பாவமன்னிப்பு என்று நாம் எதிர்பார்க்கும் எதுவும் அந்தப் பேச்சில் கிடையாது. கடை பாக்கி, நிலத்தகராறு, யார் வீட்டுச் சாவுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருடைய மருமகள் எப்படிப்பட்டவள், இவைதான்.

புதிதாகப் புதைக்கப்பட்ட கத்ரீனா ஃபாடீன் என்ற கிழவிக்குக் கண் விழித்ததும் வரும் முதல் கவலை இதுதான்: தன்னை ஒரு பவுண்டு இடத்தில் புதைத்திருக்கிறார்களா, பதினைந்து ஷில்லிங் இடத்திலா? ஆக மலிவான அரை கினி இடத்தில் போட்டிருந்தால் மானமே போச்சு. கல்லறையிலும் மூன்று விலை, மூன்று வகுப்பு. பிறகு அங்கே ஒரு தேர்தல்கூட நடக்கிறது, இந்த மூன்று விலைக்காரர்களும் மூன்று கட்சிகளாகப் பிரிந்து.

இவ்வளவு உயிரோட்டமான ஒரு நாவலை நான் சமீபத்தில் படித்ததில்லை. வேறு யாராவது படித்திருக்கிறீர்களா?


சிவப்பு மை எழுதியது:

பாதியோடு நிறுத்திவிட்டேன் பனங்காடு. கதைசொல்லி கிடையாது. யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. ஒரு கோடு, ஒரு வாக்கியம், இன்னொரு கோடு, இன்னொருவர் வசவு. நூறு பக்கத்துக்கு அப்புறமும் அதே அக்கா தங்கைச் சண்டை. நாடக மேடையில் இரண்டு மணி நேரம் கேட்டால் ரசிக்கலாம், நாவலாக என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. இவ்வளவு திறமை உள்ளவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உலகமே படித்திருக்குமே. 1949 என்று தேதியிட்ட நாவலுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு வெளியானது 2015-இல். நடுவில் எத்தனை தலைமுறை வாசகர்களை இழந்திருப்பார்?


வடகரை வாசகி எழுதியது:

சிவப்பு மை சார், இந்தப் புத்தகத்தைக் கண்ணால் படிப்பதைவிடக் காதால் படிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஆசிரியர் ஒரு பல்லவி கொடுத்திருக்கிறார். ஓட்ஸ் கதிர்க் குவியலிலிருந்து தவறி விழுந்து செத்தவன், வாய் திறந்தால் அந்தக் குவியலைப் பற்றித்தான் பேசுவான். ஒற்றைக்காது தையல்காரனிடம் கத்திக்குத்து வாங்கிச் செத்தவன் அந்தக் கத்தியை விட்டு நகரமாட்டான். கத்ரீனாவுக்கு ஆத்திரம் முற்றினால் "வெடிச்சிருவேன்" என்பாள். இரண்டு அத்தியாயம் பொறுத்தால் போதும், குரலை வைத்தே ஆளைத் தெரிந்துவிடும். பெயர் போட்டு 'என்றாள்', 'என்றான்' என்று எழுதியிருந்தால் அந்த இருட்டு கலைந்துபோயிருக்கும். மண்ணுக்கு அடியில் முகம் ஏது? குரல் மட்டும்தானே மிச்சம்.

அக்கா தங்கைச் சண்டையை வெறும் குழாயடிச் சண்டை என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. கத்ரீனா ஆசைப்பட்டது ஜாக் என்ற பாட்டுக்காரனை. அவனைக் கட்டிக்கொண்டது தங்கை நெல். போதாததற்கு, "உனக்குத்தான் பிரையன் மோர் இருக்கானே" என்று அக்காவைப் பார்த்தே சொன்னாள். பிரையன் மோர் ஊரே கேலி செய்யும் அசிங்கமான ஆள். அந்த ஒரு வாக்கியத்தைக் கத்ரீனா ஆயுள் முழுக்கச் சுமந்தாள், குழிக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் அந்தக் காயத்தின் கணக்குத்தான். அமெரிக்காவில் இருக்கும் இன்னொரு சகோதரி பாபாவின் உயில் யாருக்கு? நெல்லின் மகன் லாரியில் அடிபட்ட வழக்கு என்ன ஆனது? தனக்குத் தீவுக் கல்லில் சிலுவை நடுகிறேன் என்று சொன்ன மகன் இன்னும் ஏன் நடவில்லை?

இதில் ஆசிரியரின் கைத்திறமை எங்கே தெரிகிறது என்றால், மேலே நடப்பது எதையும் கத்ரீனாவால் பார்க்க முடியாது. புதுப் பிணம் ஒன்று வந்து இறங்கினால்தான் செய்தி. ஒவ்வொரு சாவுக்கும் அவள் ஆவலோடு காத்திருக்கிறாள். வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாதி பொய், மீதி வன்மம். நாமும் அவளோடு அந்தக் குழிக்குள் படுத்துக்கொண்டு, கிடைத்த துணுக்குகளை ஒட்டிப் பார்க்கிறோம்.

பெரிய வாத்தியார் பகுதியைப் படித்தீர்களா? தன் மனைவி தனக்காக உருகிக்கொண்டிருப்பாள் என்று நம்பிக் கிடக்கிறார் அந்தப் படித்த மனிதர். தபால்காரன் பில்லியை அவள் மறுமணம் செய்துகொண்ட செய்தி கீழே வந்து சேர்ந்ததும், அவர் வாயிலிருந்து வருகிற வசவுகளைப் பார்க்க வேண்டும். படித்தவர், படிக்காதவர் என்ற வேலியெல்லாம் அந்த ஒரு நொடியில் சரிந்துவிடுகிறது. சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவரை நினைத்து மனசு கனத்துப்போனது.


கோல்வே வாசி எழுதியது:

இந்தத் தலைப்பில் தமிழில் ஒரு இழையைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வேலை நிமித்தமாக அயர்லாந்தின் கோல்வே நகரில் இருக்கிறேன். ஓ கைன் பிறந்த இடம் இங்கிருந்து மேற்கே கடலோரமாகப் போனால் வரும் ஸ்பிடாலுக்குப் பக்கம். 1906-இல் பிறந்தார்.

அந்த நிலத்தைப் பார்த்தால் நாவலில் வரும் சண்டைகள் ஏன் அவ்வளவு கூர்மை என்று புரியும். எங்கு பார்த்தாலும் பாறை. கருங்கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி அடுக்கிய இடுப்புயரச் சுவர்கள், சுவருக்குள் ஒரு வீட்டு முற்றம் அளவே உள்ள வயல். மண்ணே இல்லாத இடத்தில் கடற்பாசியை முதுகில் சுமந்து கொண்டுவந்து பரப்பி உருளைக்கிழங்கு போட்ட மக்கள். சதுப்பில் வெட்டிக் காயவைத்த டர்ஃப் கட்டிதான் அடுப்புக்கு. ஒரு முழம் நிலம் கைமாறினால் இரண்டு தலைமுறை முகம் கொடுத்துப் பேசாது.

அவருடைய சிறுகதை ஒன்றில், அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து இங்கே வாழ்க்கைப்பட்ட மாரேட் என்ற பெண் முதன்முறையாகக் கணவனோடும் மாமியாரோடும் கடற்பாசி அறுக்கப் போவாள். பெரிய வற்றம், அதாவது கடல் வெகுதூரம் உள்வாங்கும் நாள். அலை திரும்புவதற்குள் அறுத்தாக வேண்டும். அமெரிக்காவில் சேர்த்த வரதட்சணைப் பணம் அவளிடம் உண்டு, பழகிய கைதான் இல்லை. மாமியாரின் பார்வை, வழுக்கும் பாறை, கணவனும் மெல்ல மெல்லத் தன் ஊர்க்காரர்களில் ஒருவனாக மாறிவிடுவது என்று எல்லாம் அந்த ஒரு காலை நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். இந்தக் கடற்கரையில் நின்று அதைப் படித்தபோது, அந்த வேலையைத் தன் கையால் செய்தவர் எழுதிய கதை இது என்று உறுதியாகப் பட்டது.

கோல்வே நகரத்தை விட்டு மேற்கே போகப்போகப் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலம் நின்றுவிடும், ஐரிஷ் மட்டும் இருக்கும். கேல்டாக்ட் என்று அரசு அறிவித்த ஐரிஷ் பேசும் பகுதி அது. கடையில் பெரியவர்கள் தங்களுக்குள் ஐரிஷில் பேசிக்கொள்வார்கள். நான் உள்ளே நுழைந்ததும் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அந்த மரியாதை எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும். அப்படித்தானே அந்த மொழி வீடு வீடாகக் கரைந்தது.


ஒற்றைத்திண்ணை எழுதியது:

வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓ கைன் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ஆயுதம் தாங்கிய ஐரிஷ் குடியரசுப் படையில் (ஐ.ஆர்.ஏ.) உறுப்பினர். அதற்காக 1936-இல் திருச்சபை நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அன்றைய அயர்லாந்தில் பள்ளிகள் பாதிரியார்கள் கையில். மேல்முறையீடு என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. டப்ளினுக்கு வந்து கிடைத்த வேலையைச் செய்தார். அரசு அகராதித் திட்டத்துக்காகத் தன் வட்டாரச் சொற்களைத் தொகுத்துக் கொடுத்தார்.

அதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தார், அது எனக்கு அவருடைய நாவலுக்குச் சமமாகப் படுகிறது. கொனமாராக்காரர்களுக்கு நல்ல நிலம் வேண்டும் என்று போராடிய இயக்கத்தில் முன்னால் நின்றார். கூட்டாளிகளோடு சைக்கிள் மிதித்து டப்ளின் வரை போய் அன்றைய ஆட்சித் தலைவர் டி வலேராவிடம் கோரிக்கை வைத்தார்கள். 1935-இல் 27 குடும்பங்கள் கிழக்கே மீத் மாவட்டத்தில் ரா கார்ன் என்ற இடத்தில் குடியேற்றப்பட்டன. ஐரிஷ் பேசும் அந்த ஊர் இன்றைக்கும் இருக்கிறது. மொழி பிழைக்க வேண்டுமானால் பேசுகிறவன் வயிறு நிறைய வேண்டும் என்பது அவருக்குக் கொள்கை விளக்கமாக வரவில்லை, பசியிலிருந்து வந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் நடுநிலை வகித்த அயர்லாந்து அரசு குடியரசுப் படைக்காரர்களை விசாரணையின்றி அடைத்து வைத்தது. ஓ கைன் 1940 முதல் 1944 வரை கர்ரா முகாமில். உள்ளே மற்ற கைதிகளுக்கு ஐரிஷ் வகுப்பு எடுத்தார், மொழிகள் படித்தார், எழுதப் பழகினார். நண்பர் டோமாஸ் பர்ரேட்டுக்கு அங்கிருந்து எழுதிய கடிதங்கள் பின்னால் நூலாக வந்தன. அரசியலைவிடப் புத்தகம் கேட்டு நச்சரிப்பதுதான் அவற்றில் அதிகம்.

கார்க்கியின் ஒரு கதையைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்தது தன்னை மாற்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்படியும் கதை எழுதலாம் என்று யாரும் தனக்கு ஏன் சொல்லவில்லை, தன் ஊர்க்காரர்களைப் பற்றித் தன்னாலும் இப்படி எழுத முடியுமே என்று தோன்றியதாம். ருஷ்ய மண்ணின் கதை, பிரெஞ்சு வழியாக, ஒரு கொனமாரா வாத்தியாரைத் தன் ஊர் மொழிக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது.

நாவலின் விதையும் அவர் சொன்னதுதான். முகாமிலிருந்து வந்தபின் ஊரில் ஒரு சாவு. ஒரு பெண்ணைப் புதைக்கப் போனவர்களுக்குச் சரியான குழி அகப்படவில்லை. அவளுக்கு ஆகவே ஆகாத ஒருவருக்குப் பக்கத்திலேயே புதைக்கும்படி ஆகிவிட்டது. இனி உள்ளே நல்ல ஏச்சுப்பேச்சு நடக்கும் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.


சிவப்பு மை எழுதியது:

நல்ல தகவல்கள். அவருடைய துணிச்சலில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. தன் காலத்திலேயே சுருங்கிக்கொண்டிருந்த மொழியில் இப்படிச் சிக்கலான வடிவத்தில் எழுதினால் யார் படிப்பார்கள்? கிராமத்துக்காரனுக்கு எழுத்துப் பழக்கம் இல்லை, நகரத்துக்காரனுக்கு அந்த வட்டார வழக்கு தெரியாது. இது கொள்கைப் பிடிவாதம், இலக்கியக் கணக்கில் நஷ்டம்.


வடகரை வாசகி எழுதியது:

யார் படித்தார்கள் என்பதற்கு விடை இருக்கிறது சார். இந்த நாவல் முதலில் 'ஐரிஷ் பிரஸ்' நாளிதழில் 1949-இல் மாதக்கணக்கில் தொடராக வந்தது. கேல்டாக்ட் வீடுகளில் எழுத்துத் தெரிந்த பிள்ளைகள் உரக்கப் படிக்க, எழுத்துத் தெரியாத பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ஜாய்ஸ் வாடை அடிக்கிறது என்று ஒரு பதிப்பகம் கைப்பிரதியைத் திருப்பியதாகச் சொல்வார்கள். படித்த பதிப்பாளருக்குக் கடினமாகப் பட்ட அதே எழுத்து, படிக்காத கிழவிகளுக்குத் தங்கள் பேச்சாகவே கேட்டிருக்கிறது. கடைசியில் சார்ஷேல் அகஸ் டில் என்ற சின்னக் குடும்பப் பதிப்பகம் நூலாக்கியது. கொனமாராவிலேயே வாழ்ந்த ஓவியர் சார்ல்ஸ் லாம் பாத்திரங்களுக்கு முகம் வரைந்து கொடுத்தார்.

நஷ்டம் என்கிறீர்கள். அந்தக் கிழவியின் நாக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பிறந்தே இருக்காது. மொழியைப் பற்றிய பிடிவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவருடைய கருவிகள் எல்லாம் அந்த மொழியில்தான் இருந்தன. வசவில் இத்தனை தினுசு, சாபத்தில் இத்தனை அடுக்கு, ஒருவரை அப்பன் பேர், பாட்டன் பேர் சேர்த்து விளிக்கும் வழக்கம், இதையெல்லாம் விட்டுவிட்டு அவர் எதை வைத்து எழுதுவார்? ஜாய்ஸுக்கு டப்ளின் ஆங்கிலம் வீட்டு மொழி, அதை வைத்து அவர் எழுதினார். இவரும் தன் வீட்டு மொழியை வைத்து எழுதினார். இரண்டு பேர் செய்ததும் ஒன்றுதான்.


ஒற்றைத்திண்ணை எழுதியது:

வாசகி சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். தனக்கு முன்னால் செத்துவிடும் போலிருக்கிற ஒரு மொழியில் ஒருவன் முழு மூச்சாக எழுதுவது கடினம் என்று ஓ கைனே 1969-இல் ஒரு சொற்பொழிவில் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பயமே தன்னைப் போராடத் தூண்டுகிறது என்றும் சொன்னார். வெறும் நம்பிக்கை வசனம் பேசும் ஆள் இல்லை அவர். 2022 கணக்கெடுப்பின்படி பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர். பேசத் தெரியும் என்று சொல்பவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கக் கத்திச் சொன்னார். வேல்ஸ் மொழிக்காக அந்நாட்டு எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் விடுத்த புகழ்பெற்ற அறைகூவலை உடனே ஐரிஷில் மொழிபெயர்த்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1916-இல் நடந்த ஈஸ்டர் எழுச்சியின் பொன்விழாவை 1966-இல் அரசு கொண்டாடியபோது, மொழியைக் கைவிட்டுவிட்டுக் கொண்டாட்டம் எதற்கு என்று உண்ணாவிரதம் இருந்த 'மிஷ்னாக்' இயக்கத்தில் அவரும் ஒருவர்.

கொள்கைக்காரர் என்பதால் தன் மக்களைப் புனிதர்களாக வரைந்துவிடவில்லை என்பதுதான் என்னை அவரிடம் கட்டிப்போடுகிறது. ஐரிஷ் பேசும் விவசாயி என்றால் எளிமை, பக்தி, தூய்மை என்று அரசும் திருச்சபையும் ஒரு படத்தை மாட்டி வைத்திருந்த காலம் அது. அந்த மக்களுக்காகச் சிறை போனவர், அதே மக்களைப் பேராசையும் பொறாமையும் பொய்யும் சிரிப்பும் உள்ள முழு மனிதர்களாக எழுதினார். நேசம் இல்லாமல் அப்படி எழுத முடியாது.


இரவுப்பேருந்து எழுதியது:

இழை முழுக்கப் படித்தேன், நன்றி எல்லோருக்கும். இதுவரை இவர் பெயரே கேள்விப்பட்டதில்லை. நாவலில் நேராக இறங்கப் பயமாக இருக்கிறது. எதில் தொடங்கலாம் அண்ணா? இரண்டு மொழிபெயர்ப்பு இருக்கிறதாமே, எதை வாங்குவது?


பனங்காடு எழுதியது:

தம்பி, நாவலுக்கு இரண்டு ஆங்கில வடிவம் உண்டு, இரண்டும் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டவை. 2015-இல் வந்த டிட்லியுடையது சத்தமும் கும்மாளமுமாக ஓடும், கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்ளும். 2016-இல் லியம் மாக் கொன் இமரும் டிம் ராபின்சனும் சேர்ந்து செய்தது மூலத்தோடு ஒட்டியது, குறிப்புகளும் உண்டு. முதல் வாசிப்புக்கு டிட்லி போதும். சிவப்பு மை சார் எதில் படித்தார் என்று தெரியவில்லை, மற்றதையும் ஒரு கை பார்க்கலாம்.

ஆனால் நீ தொடங்க வேண்டியது 'அன் ஒஹர்', அதாவது 'சாவி' என்ற நெடுங்கதையில். நாவலுக்கு முற்றிலும் எதிர்த் திசை. கிராமமே இல்லை. டப்ளின் அரசு அலுவலகம். ஜே என்ற கடைநிலை ஊழியர், வேலை காகிதக்கட்டுகளைப் பாதுகாப்பது. ஒருநாள் தன் அறைக்குள் இருக்கும்போது பூட்டில் சாவி உடைந்துபோகிறது. வெளியே ஆட்கள் இருக்கிறார்கள், குரல் கேட்கிறது, மேலதிகாரிகள் வந்து போகிறார்கள். ஆனால் அது அரசாங்கக் கதவு. உடைப்பதற்கு யாருக்கு அதிகாரம், எந்தத் துறையின் அனுமதி வேண்டும், எந்தப் படிவம்? விடுமுறை வேறு குறுக்கே வருகிறது. உள்ளே இருக்கிற மனிதனுக்குத் தாகம், பசி, வாய் பேசினாலும் விதிமுறைப்படிப் பேச வேண்டும் என்ற பயம். அவன் கதி என்ன ஆகும் என்று ஊகித்திருப்பாய்.

ஓ கைன் 1947 முதல் சில ஆண்டுகள் நாடாளுமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவில் ஊழியராக இருந்தவர். அந்தக் காகித வாசனை கதை முழுக்க அடிக்கும். 1967-இல் வந்த தொகுப்பில் உள்ள கதை இது, 2015-இல் ஆங்கிலத்தில் தனி நூலாகவும் வந்துவிட்டது. பட்டப்படிப்பு இல்லாத இவரை 1956-இல் டிரினிட்டி கல்லூரி ஐரிஷ் விரிவுரையாளராக எடுத்துக்கொண்டது. 1969-இல் பேராசிரியர், மறு வருடம் அக்டோபரில் இறந்தார்.


கோல்வே வாசி எழுதியது:

தம்பிக்கு என் பங்குக்கு ஒன்று. 'பளிச்சிடும் நகரத்துக்குப் போகும் பாதை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கதை உண்டு. பிரீத் என்ற பெண் முட்டையும் வெண்ணெயும் சுமந்துகொண்டு விடியுமுன் இருட்டில் கோல்வே சந்தைக்குத் தனியாக நடக்கிறாள். அவ்வளவுதான் கதை. இறந்த குழந்தை, பழைய நட்பு, பேய் பயம், கால் வலி எல்லாம் அந்த நடைக்குள் வந்து போகும். 1981-இல் இதே தலைப்பில் இவருடைய ஆரம்பகாலக் கதைகள் ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்தன. நான் சொன்ன கடற்பாசிக் கதையும், அமெரிக்காவுக்குக் கப்பலேறும் மகளை வழியனுப்பும் தாயின் கதையும் அதிலேயே கிடைக்கும். இங்கே பழைய புத்தகக் கடைகளில் அவ்வப்போது கண்ணில் படுகிறது. கிடைத்தால் இந்த இழையிலேயே சொல்கிறேன்.


சிவப்பு மை எழுதியது:

'சாவி'யை வாங்கச் சொல்லியிருக்கிறேன். நாவலுக்கு மறுபடி போவேனா என்று இப்போது சொல்ல முடியாது. வாசகி சொன்னபடி உரக்கப் படித்துப் பார்க்கிறேன், அந்தத் தேர்தல் அத்தியாயத்திலிருந்து. அது நாவலின் எத்தனையாவது இடையீட்டில் (அத்தியாயங்களுக்கு ஆசிரியர் வைத்த பெயர்) வருகிறது என்று யாராவது சொன்னால் நல்லது.